கட்டைகள் யார் கையில்

பெட்டியை மேசைமேல் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். மூடியைப் பக்கவாட்டில் மெல்ல உருவ வேண்டும். பிறகு பெட்டியை ஆட்டாமல் நேர்மேலே தூக்க வேண்டும். சரியாகச் செய்தால் இரண்டு அங்குல மரக் கனசதுரம் ஒன்று குலையாமல் மேசைமேல் நிற்கும். அது எட்டுச் சின்னக் கட்டைகளால் ஆனது என்பது குழந்தை விரல் வைத்துப் பிரிக்கும்போதுதான் தெரியவரும்.

ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் குழந்தைகளுக்காகச் செய்த விளையாட்டுப் பொருள்களில் இது மூன்றாவது. அவற்றைப் ‘பரிசுகள்’ என்று அழைத்தார். முதல் பரிசு, நூலால் பின்னிய ஆறு வண்ணப் பந்துகள். இரண்டாவது, மரத்தில் ஓர் உருண்டை, ஓர் உருளை, ஒரு கனசதுரம். கட்டும் வேலை மூன்றாவதில்தான் தொடங்குகிறது. அதற்கு விதிகள் உண்டு. எட்டுக் கட்டைகளையும் பயன்படுத்தியாக வேண்டும். ஒன்றைக்கூட ஒதுக்கிவைக்கக் கூடாது. கட்டியதைத் தட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கக் கூடாது. நாற்காலி செய்திருந்தால் ஒன்றிரண்டு கட்டைகளை மட்டும் நகர்த்தி அதைப் படிக்கட்டாக்க வேண்டும், படிக்கட்டைப் பாலமாக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எட்டும் மறுபடி ஒரே கனசதுரமாகிப் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

இருந்ததை இடிக்காமல் இன்னொன்றாக மாற்று என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் சொன்ன மனிதர் 1805இல் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போனதே கட்டடக்கலை படிக்கத்தான். அங்கே ஆசிரியர் வேலை கிடைத்தது, அதிலேயே தங்கிவிட்டார். சில ஆண்டுகள் கழித்துப் பெர்லினில் படிக ஆய்வாளர் கிறிஸ்டியான் சாமுவேல் வைஸிடம் உதவியாளராக இருந்து கனிமங்களை வகைபிரித்தார். 1837இல் பாட் பிளாங்கன்பர்க்கில் குழந்தைகளுக்கான நிலையத்தை அவர் தொடங்கியபோது, படிக்காமல் விட்ட கட்டடக்கலையும் படிகங்களின் ஒழுங்கும் அந்தப் பெட்டிக்குள் வந்து சேர்ந்துகொண்டன. 1851இல் பிரஷ்ய அரசு, கிண்டர்கார்டன் என்று பெயர் பெற்ற அந்த நிலையங்களைத் தடைசெய்தது. நாத்திகமும் சமதர்மமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. மறு ஆண்டே ஃப்ரோபெல் இறந்துபோனார். தடை 1860 வரை நீடித்தது. அதற்குள் அவருடைய சீடர்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் இன்று எல்.கே.ஜி. இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஃப்ரோபெல் தொடங்கிவைத்த நிறுவனம் இங்கே வேரூன்றிவிட்டது. அதன் உயிராக இருந்த கட்டைகள் பெரும்பாலான வகுப்பறைகளுக்குள் வரவில்லை. நான்கு கோட்டு நோட்டுதான் வந்தது. இதைச் சின்ன இழப்பாக நினைக்க முடியவில்லை; அந்தக் கட்டைகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை உண்டு.

1876இல் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தது. அங்கே ஃப்ரோபெலின் பரிசுகளைக் கண்ட ஆசிரியை ஒருவர் தன் மகனுக்காக வாங்கிவந்தார். மகன், பின்னாளில் கட்டடக் கலைஞரான ஃபிராங்க் லாயிட் ரைட். மேப்பிள் மரக் கட்டைகளின் வழவழப்பு தன் விரல்களை விட்டு என்றுமே போகவில்லை என்ற பொருளில் முதிய வயதுவரை சொல்லிக்கொண்டிருந்தார் அவர். கட்டம் போட்ட மேசை, அதன்மேல் கட்டைகளை அடுக்கிய நேரம், எல்லாம் அவருடைய தன்வரலாற்றில் வருகின்றன. சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் 1908இல் முடிந்த யூனிட்டி டெம்பிளைப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பேச்சு மிகையாகத் தெரியாது. கான்கிரீட் கனசதுரங்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன; ஒரு மூலையை நகர்த்தினால் இன்னொரு கட்டடமாகிவிடும் போலிருக்கும்.

ஆனால் ரைட் 1867இல் பிறந்தவர். கட்டைகள் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. கிண்டர்கார்டன் வயது தாண்டியிருந்தது. தன்னைப் பற்றிய கதைகளை அழகாகக் கட்டத் தெரிந்த மனிதர் வேறு. எனவே கட்டையிலிருந்து கட்டடம் வந்தது என்று நேர்க்கோடு இழுப்பதில் கவனம் தேவை. அதே கட்டைகளோடு வளர்ந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேறு வேறு தொழில்களுக்குப் போனார்கள். கட்டைகள் ரைட்டுக்குத் திறமையைக் கொடுத்துவிடவில்லை. ஓர் இலக்கணத்தைக் கொடுத்தன: உலகம் செங்கோணங்களாலும் சம பாதிகளாலும் ஆனது, எதையும் மிச்சம் வைக்கக் கூடாது, ஒவ்வொரு பகுதியும் முழுமைக்குள் திரும்பிப் போயாக வேண்டும். விளையாடும் பிள்ளை சுதந்திரமாகத்தான் விளையாடுகிறது. ஆனால் என்னவெல்லாம் கட்ட முடியும் என்பதில் பாதியைக் கட்டைகளைச் செதுக்கியவர் முன்னமே தீர்மானித்துவிட்டார்.

கட்டடக்கலைக் கல்வியில் விளையாட்டு என்ற பேச்சு எழும்போதெல்லாம் படைப்பூக்கம், மகிழ்ச்சி, மன இறுக்கம் தளர்வது போன்றவையே முன்னுக்கு வருகின்றன. கட்டைகளைச் செதுக்கியது யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. இந்தத் துறையில் விளையாட்டைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு விதத்தில் அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் கட்டைகளையே எடுத்துவிட்ட ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஜோசஃப் ஆல்பர்ஸ் முதலாண்டு மாணவர்களின் அறைக்குள் ஒரு கட்டுச் செய்தித்தாளோடு வந்ததை அவருடைய மாணவர் ஹானெஸ் பெக்மன் எழுதிவைத்திருக்கிறார். தாளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, இதிலிருந்து எதையாவது செய்யுங்கள், பொருளை மதியுங்கள், முடிந்தால் கத்தி, பசை எதுவும் இல்லாமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பிவந்தபோது தரையில் முகமூடி, படகு, கோட்டை, விமானம், விலங்கு என்று ஒரு சந்தையே விரிந்து கிடந்தது. ஆல்பர்ஸ் எதையும் பாராட்டவில்லை. இவற்றையெல்லாம் வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்பது அவருடைய கருத்து. பிறகு மிக எளிதாக இருந்த ஒன்றைக் கையில் எடுத்தார். ஹங்கேரியைச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர் ஒருவர் தாளை நீளவாக்கில் மடித்து நிறுத்தி வைத்திருந்தார். அவ்வளவுதான்.

மேசைமேல் படுத்துக்கிடக்கும் செய்தித்தாளுக்கு ஒரு முகம்தான். மடித்து நிறுத்தினால் இரண்டு முகங்களும் தெரிகின்றன. அதுவரை துவண்டு கிடந்தது விறைத்து நிற்கிறது. நிற்பது மடிப்பால்தான், வேறெதுவும் சேர்க்கவில்லை. இந்த ஒரு தாளிலிருந்து மடிப்புத் தகட்டுக் கூரைவரை போய்விடலாம். கோட்டை செய்த மாணவர் தனக்கு முன்பே தெரிந்த ஒன்றைத் தாளில் நடித்துக்காட்டினார். தாளை மடித்தவரோ தாளுக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்தார். விளையாட்டுக்குள் இருக்கும் இந்த வேறுபாட்டை ஆல்பர்ஸ் அளவுக்குத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்கள் குறைவு. ‘ஜாலியாக ஏதாவது செய்யுங்கள்’ என்று மாணவர்களை அவிழ்த்துவிடுவது கற்பித்தல் ஆகாது. அவர் விதியை இறுக்கியதால்தான் மாணவர் கண்டுபிடித்தார்.

அதே பௌஹவுஸில் ஆல்மா புஷர் மரச் சிற்பப் பட்டறையில் பொம்மைகள் செய்தார். பெண்களை நெசவுப் பிரிவுக்கு அனுப்புவதே அங்கு வழக்கமாக இருந்தது. அவரும் அங்கிருந்துதான் மரச் சிற்பத்துக்கு மாறிவந்தார். 1923இல் வைமாரில் பள்ளி கட்டிக்காட்டிய மாதிரி வீட்டில் குழந்தைகள் அறை அவருடையது. அவருடைய கப்பல் கட்டும் விளையாட்டில் 22 வண்ணத் துண்டுகள். கப்பலாக அடுக்கலாம், பாலமாக்கலாம், மலையாக்கலாம், பெயரில்லாத எதுவாகவும் ஆக்கலாம். துண்டுகள் ஃப்ரோபெலுடையவை போலச் சம அளவானவை அல்ல, எந்த முழுமைக்குள்ளும் திரும்பிப் போ என்று வற்புறுத்துவதுமில்லை. 1944இல் விமானத் தாக்குதலில் அவர் இறந்தார். நவீனக் கட்டடக்கலை வரலாற்று நூல்களில் நாற்காலி செய்த ஆண்களுக்குக் கிடைத்த பக்கங்கள் கட்டை செய்த இந்தப் பெண்ணுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. இன்றும் அவருடைய கப்பல் விற்பனையில் இருக்கிறது.

பௌஹவுஸின் முதலாண்டுப் பயிற்சி இந்தியாவுக்கும் வந்தது. ஐந்தாண்டு பி.ஆர்க். கட்டடக்கலைப் படிப்பின் முதல் வருடத்தில் ‘பேசிக் டிசைன்’ என்ற பெயரில் அது நிற்கிறது. கோடு, தளம், கனம், சமநிலை, தாளம் என்று வரிசையாகப் பயிற்சிகள். மவுண்ட் போர்டு, தெர்மகோல், ஐஸ்கிரீம் குச்சி, விடிய விடிய வெட்டி ஒட்டல், கடைசியில் ஜூரி என்ற மதிப்பீட்டுக் குழு. பல இடங்களில் நல்ல ஆசிரியர்கள் இதற்கு உயிர் கொடுக்கிறார்கள். ஆனால் போன வருடத்து மாணவர் செய்த மாடலைப் பார்த்து இந்த வருடத்து மாணவர் செய்வதும், ஒட்டலின் சுத்தத்துக்கு மதிப்பெண் போடுவதும் நடக்கிற இடத்தில் ஆட்டம் செத்துப்போகிறது. எது வரும் என்று ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருந்தால் அதை விளையாட்டு என்று சொல்ல வழியில்லை.

தோற்க இடம் கொடுக்கும் ஸ்டூடியோ எப்படியிருக்கும் என்பதற்கு 1948இன் கோடைக்காலம் ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் இருந்த பிளாக் மவுண்டன் கல்லூரிக்கு வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் வந்தார். ஜன்னல் திரைக்குப் பயன்படும் மெல்லிய பட்டைகளைக் கொண்டு மாணவர்களோடு சேர்ந்து பெரிய குவிமாடம் ஒன்றை எழுப்பப் பார்த்தார். அது எழவில்லை, தரையில் சுருண்டு கிடந்தது. அங்கிருந்தவர்கள் அதற்கு ‘மல்லாந்த குவிமாடம்’ என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். மறு ஆண்டு ஃபுல்லர் திரும்பிவந்து சிறியதாக ஒன்றை நிறுத்திக் காட்டினார். கண்பார்வை மங்கலான சிறுவனாகக் கிண்டர்கார்டனில் காய்ந்த பட்டாணியையும் பல்குச்சியையும் கோத்து முக்கோணங்கள் செய்ததிலிருந்தே தன் கட்டமைப்பு ஆய்வு தொடங்கியதாக அவர் சொல்வதுண்டு. மற்றப் பிள்ளைகள் கண்ணால் பார்த்த வீடுகளைப் போலச் சதுரமாகச் செய்தார்கள். சரியாகப் பார்க்க முடியாத சிறுவன் எது அசையாமல் நிற்கிறது என்பதை விரலால் தேடினான்.

புடாபெஸ்ட்டில் வடிவமைப்பு கற்பித்துக்கொண்டிருந்த கட்டடக் கலைஞர் எர்னோ ரூபிக்கின் கதையும் விரலில்தான் தொடங்குகிறது. பிரிந்து விழாமல் தனித்தனியே சுழலும் கனசதுரங்களை எப்படிக் கோப்பது என்ற கட்டமைப்புச் சிக்கல் 1974இல் அவரைப் பிடித்துக்கொண்டது. மரத்துண்டுகளில் செய்துபார்த்து வென்றார்; அதுதான் ரூபிக் கனசதுரம். பக்கங்களுக்கு வண்ணம் பூசினார், நாலைந்து முறை திருகினார். பழைய நிலைக்குக் கொண்டுவர அவருக்கே ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று.

இவையெல்லாம் பெரும்பாலும் தனியாள் ஆட்டங்கள். கட்டடமோ தனியாள் வேலையாக இருந்ததே இல்லை. இந்த இடத்தில்தான் டச்சுக் கட்டடக் கலைஞர் ஜான் ஹப்ராக்கன் வருகிறார். போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் அரசுகள் ஒரே அச்சில் அடித்த குடியிருப்புகளை எதிர்த்து 1961இல் அவர் ஒரு நூல் எழுதினார். கட்டடத்தின் எலும்புக்கூட்டைச் சமூகம் கொடுக்கட்டும். சுவரும் அறையும் கதவும் குடியிருப்பவர் தீர்மானிக்கட்டும் என்பது அதன் சாரம். பின்னாளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மார்க் கிராஸோடு சேர்ந்து வடிவமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு தொகுதி ஆட்டங்களை உருவாக்கினார். 1987இல் அவை அறிக்கையாக வந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் ‘மௌன ஆட்டம்’.

மேசைமேல் எளிய சிறு துண்டுகள். இரண்டு பேர் ஆடுகிறார்கள், ஒருவர் கவனிக்கிறார். முதலாமவர் மனதுக்குள் ஒரு விதியை வைத்துக்கொண்டு சில துண்டுகளை அடுக்குகிறார். வாய் திறக்கக் கூடாது. இரண்டாமவர் அந்த விதியை ஊகித்து, அதே போக்கில் துண்டுகளை வைத்துத் தொடர வேண்டும். இவரும் பேசக் கூடாது. முதலாமவர் மறுபடி வைக்கிறார், சில சமயம் விதியைக் கொஞ்சம் வளைத்துப் பார்க்கிறார். மற்றவர் அந்த வளைவைப் பிடித்துக்கொள்கிறாரா என்பதுதான் சுவாரசியம். ஆட்டம் முடிந்ததும் மூவரும் தாங்கள் கண்ட விதியைச் சொல்கிறார்கள். அடுக்கு ஒழுங்காக வளர்ந்திருக்கும், ஒருவரையொருவர் தடுத்துமிருக்க மாட்டார்கள். ஆனாலும் மூவர் சொல்லும் விதியும் வேறு வேறாக இருக்கலாம்.

முதல் பார்வைக்குச் சின்ன ஆட்டம். ஆனால் ஒரு பழைய தெரு எப்படி உருவாகியிருக்கும் என்பதை இதைவிடக் கூர்மையாகக் கற்பிக்கும் பாடம் கிடைப்பது கடினம். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க்கரை வீடுகளும் வெனிஸின் மாளிகைகளும் பண்டைய பொம்பெயியின் முற்ற வீடுகளும் ஹப்ராக்கன் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியவை. எந்தத் தனிமனிதரும் மொத்தத்தையும் வரையவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைப் பார்த்தார்கள், சொல்லப்படாத விதியைப் பிடித்துக்கொண்டார்கள், கொஞ்சம் வளைத்தார்கள். கட்டைகளை ஒருவர் மட்டும் செதுக்கிக் கொடுக்கவில்லை, ஆடியவர்களே செதுக்கிக்கொண்டார்கள். நட்சத்திரக் கலைஞராகும் கனவோடு முதலாண்டில் வந்து உட்காரும் பதினெட்டு வயதுக்காரருக்கு, அடுத்தவர் வைத்த துண்டைப் பார்த்துத் தன் துண்டை வைப்பது அவசியமான பயிற்சி. அதற்கு மதிப்பெண் போடுவதும் எளிதல்ல என்பது இந்த ஆட்டத்தின் இன்னொரு நன்மை.

விளையாட்டைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்துவது ஒரு பக்கம். விளையாட்டுக்காகவே நகரத்தைக் கட்டுவது மறுபக்கம். 1946இல் ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சியின் பொதுப்பணித் துறையில் ஆல்டோ வான் ஐக் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். மேலதிகாரியாக இருந்த யாகோபா முல்டர் தெருவில் விளையாட இடமில்லாத பிள்ளைகளைக் கவனித்துவந்தவர். 1947இல் பெர்டெல்மன் சதுக்கத்தில் முதல் விளையாட்டிடம் வந்தது. அகலமான கான்கிரீட் விளிம்பு வைத்த ஒரு மணல்குழி, அதற்குள் நான்கு வட்டக் கற்கள், குட்டிக்கரணம் போடக் கம்பிகள், சுற்றிலும் மரங்களும் பெஞ்சுகளும். வேலி கிடையாது. யானை, முதலை என்று எந்த உருவமும் கிடையாது. அகலமான விளிம்பில் அம்மா உட்காரலாம், பிள்ளை ஓடலாம், மணல் அப்பம் வைக்கலாம். இன்னதற்கு என்று எழுதி ஒட்டாத பொருள் அது.

பக்கத்துத் தெருக்காரர்கள் பார்த்தார்கள், எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று மாநகராட்சிக்குக் கடிதம் போட்டார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் இடம் பார்க்கப்பட்டது: இரண்டு சுவர்களுக்கு நடுவே மிஞ்சிய மூலை, போக்குவரத்துத் தீவு, இடிந்த வீட்டு மனை. நாஜிகள் யூதக் குடும்பங்களைப் பிடித்துச் சென்ற பிறகு, 1944–45இன் பட்டினிக் குளிர்காலத்தில் ஆளில்லாத அந்த வீடுகளின் மரங்களை மக்கள் விறகுக்காகப் பிடுங்கினார்கள், வீடுகள் சரிந்தன. அப்படிக் காலியான பகுதிகளிலும் சில விளையாட்டிடங்கள் வந்தன. 1978 வரை 700க்கும் மேற்பட்டவற்றை வான் ஐக் வரைந்தார். பொருள்கள் ஏறக்குறைய அதே சில பொருள்கள்தான். ஒவ்வோர் இடத்திலும் அவற்றின் அமைப்பு மாறியது. இன்று அவற்றில் எஞ்சியிருப்பவை மிகச் சில.

டென்மார்க்காரர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். பூங்காக்களை வடிவமைத்துவந்த கார்ல் தியோடர் சோரன்சன், பிள்ளைகள் தன் விளையாட்டுத் திடல்களைவிடக் கட்டுமான வேலை நடக்கும் இடங்களில்தான் ஆசையாக விளையாடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே 1943இல் கோபன்ஹேகனை அடுத்த எம்ட்ரப்பில் ஒரு திடல் திறக்கப்பட்டது. பலகை, செங்கல், பழைய கார், கயிறு, மண்வெட்டி. கூடவே பிள்ளைகளை நம்பும் ஒரு பெரியவர். பிள்ளைகள் குடில் கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள். தான் செய்தவற்றில் பார்க்க மிக அசிங்கமானது அதுதான், ஆனாலும் சிறந்ததும் அதுதான் என்று சோரன்சன் பின்னாளில் சொன்னார். ஒரு வடிவமைப்பாளர் தன் கண்ணின் தீர்ப்பையே ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்ன வார்த்தை அது.

பெரியவர்களிடம் கட்டைகளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் பசிபிக் பாலிசேட்ஸில் உள்ள புனித மத்தேயு தேவாலயம் சாட்சி. 1978இல் காட்டுத்தீயில் பழைய ஆலயம் எரிந்துபோனது. புதிதாகக் கட்டுவதில் சபையினருக்குள் கடும் கருத்து வேறுபாடு. மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒப்புக்கொண்டால்தான் வரைபடம் செல்லும் என்று சபை நிபந்தனை வைத்தது. கட்டடக் கலைஞர் சார்லஸ் மூரும் அவருடைய கூட்டாளிகளும் சபையினரைப் பட்டறைகளுக்கு அழைத்தார்கள். மேசைகளில் வண்ணக் காகிதம், கத்தரிக்கோல், செலோஃபேன் தாள், காலைச் சிற்றுண்டிக்கான ஃப்ரூட் லூப்ஸ் வளையங்கள், பார்ஸ்லி தழை. தழை மரமாயிற்று, வளையம் தூணாயிற்று. கோட்பாட்டில் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே மேசையில் வெட்டி ஒட்டியபோது, பலிபீடத்தைச் சுற்றி அரைவட்டமாக உட்காரத்தான் பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்பது வெளியே வந்தது. மரம் வேண்டும் என்றவர்களும், இசைக்கு மரம் ஆகாது என்றவர்களும் கடைசியில் இருவருமே ஏற்கும் சுவரைக் கண்டார்கள். 1983இல் கட்டி முடிந்த ஆலயம் மூரின் நல்ல கட்டடங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

அந்த மேசையை ஆட்டமாக வைத்திருந்தது தழையும் வளையமும் அல்ல; மூன்றில் இரண்டு பங்கு என்ற நிபந்தனை. ஆடியவர்கள் கையில் உண்மையான வாக்கு இருந்தது. இன்று எத்தனையோ நகரங்களில் ‘மக்கள் பங்கேற்பு’ என்று பட்டறை வைத்து, வண்ணச் சீட்டுகளைச் சுவரில் ஒட்டவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு, முன்பே வரைந்துவைத்த வரைபடத்தையே கட்டுகிறார்கள். வந்தவர்களின் நேரத்தை வாங்கிக்கொண்டு கைமாறாக ஒன்றும் தராதது அது.

கணினி விளையாட்டுகள் வந்தபோது கட்டைகளைச் செதுக்குபவர் இன்னும் மறைவாகப் போய்விட்டார். வில் ரைட் உருவாக்கி 1989இல் வெளிவந்த சிம்சிட்டியில் ஒரு தலைமுறையே நகரத் திட்டமிடலைக் கற்றுக்கொண்டது. அதன் பின்னணியில் ஜே ஃபாரஸ்டர் 1969இல் வெளியிட்ட நகர இயக்கவியல் மாதிரி இருந்தது. ஏழைகளுக்குக் குறைந்த செலவு வீடுகள் கட்டினால் நகரம் தேயும் என்று முடிவு சொன்ன மாதிரி அது. விளையாட்டில் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று நிலம் தனித்தனி வண்ணமாகப் பிரிந்தே இருக்கும். கீழே மளிகைக் கடை, மேலே வீடு என்ற நம் ஊர்த் தெருவை அதில் கட்ட வழியே இல்லை. ஆடும் பிள்ளைக்கு அது அமெரிக்க மண்டலச் சட்டத்தின் ஒரு வடிவம் என்று தெரியாது. நகரம் என்றாலே அப்படித்தான் என்று பதிந்துபோகும்.

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் கட்டைகள் கொஞ்சம் தாராளமானவை. ஃப்ரோபெலின் ஓர் அங்குலக் கனசதுரம் இங்கே ஒரு மீட்டராகிவிட்டது. 2012இல் ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பும் அந்த விளையாட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனமும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் ஒரு திடல், நேபாளத்தின் கிர்த்திபூரில் ஒரு பழைய குளக்கரை என்று இடங்கள் தேர்வாயின. அங்கே வசிப்பவர்கள் ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து, தங்கள் இடத்தின் கணினி மாதிரியில் விளக்குக்கம்பம் நட்டார்கள், வடிகால் வெட்டினார்கள், படித்துறை வைத்தார்கள். பிறகு அதிகாரிகளுக்கு விளக்கிச் சொன்னார்கள். கட்டட வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் பேச்சில் கலந்துகொள்ள இது வழி திறந்தது. வழக்கமான கூட்டங்களில் வாயே திறக்காத இளம் பெண்கள் இங்கே திரையைக் காட்டி வாதாடலாம். அப்போதும் செலவுக் கணக்கும் நில உரிமையும் விளையாட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன. ஒரு மீட்டர் கட்டையில் பட்டா என்று ஒரு வகை இல்லை.

இந்தியாவில் ஒரு கட்டடக் கலைஞர் நிலத்தையே பலகையாக்கி ஆடக் கொடுத்தார். இந்தூரின் அரண்யா குடியிருப்பு பால்கிருஷ்ண தோஷியின் வாஸ்து ஷில்பா அறக்கட்டளை திட்டமிட்டது. வரையத் தொடங்கும் முன்பே அந்த நிறுவனமும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் இந்தூரின் குடிசைப் பகுதிகளை அளந்து ஆராய்ந்திருந்தன. எங்கே திண்ணை, எங்கே பெட்டிக்கடை, எந்த மரத்தடியில் வேலை என்பதெல்லாம் 1984இன் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. 1989இல் தயாரான அரண்யாவில் சுமார் 6,500 மனைகள். மிகச் சிறியது 35 சதுர மீட்டர் அளவு. வாங்குபவருக்குக் கிடைத்தது ஓர் அஸ்திவார மேடை, கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் அமைந்த ஒரு மூலை, சக்திக்கு ஏற்ப ஓர் அறை. மீதியை அவரவர் கட்டிக்கொள்ள வேண்டும். எப்படிக் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளைத் தோஷி கட்டிவைத்தார்: வெளிப்படிக்கட்டு, மாடம், திறந்த மாடி, வண்ணச் சுவர் என்று சில துண்டுகளின் பல சேர்க்கைகள். 1995இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது வந்தது. 2018இல் தோஷிக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது உலகப் பத்திரிகைகளில் வந்ததும் அந்த வண்ண வீடுகளின் படம்தான்.

பி.ஆர்க். மாணவர்கள் வீட்டுவசதிப் பாடத்துக்கு அரண்யாவை எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான தாள்களில் அந்த 80 வீடுகளின் தோஷி கால வரைபடங்களே மறுபடி வருகின்றன. அதற்குப் பிறகான முப்பது ஆண்டுகளில் குடியிருந்தவர்கள் அடைத்த மாடம், ஏற்றிய மாடி, கடையாக்கிய முன்னறை ஆகியவை சிதைவு என்ற தலைப்பில் ஓரமாக நிற்கின்றன. ஆட்டத்தின் முதல் நகர்த்தலை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோவது போன்றது இது. ஒரு செமஸ்டருக்கு இதை வேறுவிதமாக வைத்துப் பார்க்கலாம். மாணவருக்கு 35 சதுர மீட்டர் மேடையும் தண்ணீர் மூலையும் மட்டும் கொடுத்து, இடப்பக்க மனையை இன்னொரு மாணவருக்கும் வலப்பக்க மனையை மூன்றாமவருக்கும் ஒதுக்கி, வாரத்துக்கு ஒரு சுவர், ஒரு படி, ஒரு மாடம் என்று பேசாமல் கட்டச் சொல்லலாம். செமஸ்டரின் கடைசி வாரம் இந்தூருக்கு ரயிலேறி, குடியிருப்பவர்களின் அனுமதியோடு அவர்கள் கட்டியதை அளந்துவந்து இரண்டையும் ஒரே மேசையில் அடுத்தடுத்து வைக்கலாம். அந்த ஜூரியில் மதிப்பெண் போடுபவர்களோடு அரண்யாவிலிருந்து வந்த ஒரு வீட்டுக்காரரும் உட்கார வேண்டும்.